படியில் எண்ணெய்

முட்டம் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில்
இரவு இரண்டு மணிக்கு
அரசர் செத்துப்போனார்.
கிரஷர் ஓடிக்கொண்டிருந்ததால்
கடைசியாக அவர் சொன்னது
யாருக்கும் கேட்கவில்லை.

எட்டு வாரமாக இதே பேச்சு.
மூன்று நிலா உதிக்கிற நாடு,
கறுப்பு மதில், வாரிசில்லாத அரசர்,
சபையில் பதினோரு பிரபுக்கள்.
தமிழில் குரல் கொடுத்தவர்கள் எல்லோரும்
"அடியேன் ஆணையை ஏற்கிறேன்" என்பார்கள்.
லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னால்
ததேயுஸ் அண்ணனும் இப்போது அதைத்தான் சொல்கிறார்.

அரசரைக் கொல்லப்போவது யார்?

அரசருக்கு ஓர் இரட்டையர் உண்டு என்பது
ரெக்சனின் கட்சி.
மூன்றாம் பாகத்தில் இடக்கையில் இருந்த கோப்பை
வெட்டி ஒட்டிய அடுத்த நொடியில்
வலக்கைக்கு எப்படி வந்தது?
"எடுத்தவனுக்கு மறதி மக்கா."
"அம்புட்டு துட்டு போட்டு எடுக்கிறவன் மறப்பானா?"
அன்றைக்கு ஐந்து பார் ஐஸ் கூடுதலாக உடைந்தது.

பிரிஜிட் பகலில் தையல் மிஷின் மிதிக்கிறவள்,
இரவில் அடுத்த ஷெட்டில் இறால் தரம் பிரிக்கிறவள்.
அவள் பார்த்தது துணியை:
"ராணி கறுப்பு உடுப்புக்கு
நாலாம் பாகத்துலயே அளவு குடுத்தாச்சு.
பாத்தியளா, இல்லியா?"
நாங்கள் பார்க்கவில்லை.

நான் சந்தேகப்பட்டது
விளக்குப் பிடிக்கிற பையனை.
எல்லா ரகசியக் கூட்டத்திலும் நிற்கிறான்.
ஒரு வசனம் கிடையாது.
கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில்கூட இல்லை.
சாட்சி கேட்டார்கள்; இல்லை என்றேன்.
பதினாறு வருஷம் இங்கே கணக்கெழுதுகிறேன்.
நான் அறையில் இருக்கும்போதுதான்
முதலாளிமார் எல்லாவற்றையும் பேசுவார்கள்.
அதை நான் சொல்லவில்லை.

ஆறாம் பாகம் பார்த்த மறுநாள் காலை
பிளாசியஸின் வள்ளம் கணவாயோடு வந்தது.
நூற்றெழுபது, நூற்றெண்பது, ஏலம் ஏறியது.
நீலச்சட்டைக்காரர் தோள் துண்டை
இன்னொரு தோளுக்கு மாற்றினார்.
மற்ற இரண்டு ஏஜென்டுகளும்
கடலில் ஏதோ தெரிவதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.
நூற்றெண்பதில் நின்றது.
மறுநாளும் துண்டு தோள் மாறியது,
இந்த முறை நூற்றறுபதில்.

பிளாசியஸ் பெட்டியில் உட்கார்ந்து
பீடி பற்றவைத்தான்:
"வெலை தானா எறங்குது பிள்ளே,
யாரு என்ன செய்ய?"
நோட்டின் பின்பக்கம்
தேதி, துண்டு, எந்தத் தோள் என்று குறித்தேன்.
ரெக்சன் எட்டிப் பார்த்து,
"இது எத்தனாவது பாகம்?" என்று சிரித்தான்.

சரி, இன்றைக்குக் கடைசி பாகம்.
சதியே இல்லையாம்.
இரட்டையர் இல்லை. விஷம் இல்லை.
குளித்துவிட்டு வந்த அரசர்
படியில் வழுக்கி விழுந்தாராம்.
பதினோரு பிரபுக்களும் நிஜமாகவே அழுதார்கள்.
ராணி வெள்ளைதான் உடுத்தியிருந்தாள்.

எட்டு வாரம்.
ததேயுஸ் அண்ணன் கெட்டவார்த்தை ஒன்று சொல்லி
லாரிக்குப் போக எழுந்தார்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே
பிரிஜிட்தான் கேட்டாள்:
"படியில எண்ணெய் எப்படி வந்துச்சு?"

ரெக்சன் கிரஷரை நிறுத்தினான்.
போன மாசம் கை மாட்டியபோதுகூட
அவன் அதை நிறுத்தவில்லை.
பின்னால் தள்ளிப் பார்த்தோம்.
நான்காம் படி மினுங்கியது.
தண்ணீராகவும் இருக்கலாம்.
திரையின் ஓரத்தில் ஒரு கை,
கையில் விளக்கு,
விளக்கு கொஞ்சம் சரிந்து.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
"ஒழுகியிருக்கும்," என்றார் ததேயுஸ் அண்ணன்,
தனக்கே கேட்காத குரலில்.

நாலு மணிக்கு முதல் வள்ளம் வந்தது.
கரண்ட் இல்லை.
நோட்டை எடுத்துக்கொண்டு ஏலத்திடலுக்குப் போனேன்.
நீலச்சட்டைக்காரர் திரும்பாமலே
டார்ச்சை நீட்டினார்:
"இந்தா, லைட்ட கொஞ்சம் பிடி பிள்ளே."

பிடித்தேன்.